சாவு தீர்த்து வைத்த வழக்குகள்: ஆரம்பகால இந்திச் சமூகப் படங்கள்

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. காரில் வந்த கணவனும் மனைவியும் காத்து நிற்கிறார்கள். பாதை ஓரத்தில் ஒரு சிறு நினைவிடம், அதில் ஒரு பெண்ணின் உருவம். யார் இவள் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் 'அச்சூத் கன்யா' படத்தின் கதை விரிகிறது. பம்பாய் டாக்கீஸ் 1936-இல் எடுத்த படம். கதாநாயகி கஸ்தூரி தீண்டாமைக்கு ஆளான சாதியில் பிறந்தவள். அவளை நாம் சிறுமியாகவோ காதலியாகவோ பார்ப்பதற்கு முன்பே அவள் இறந்துபோனவள் என்று படம் சொல்லிவிடுகிறது.

பேசும்படம் வந்த முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்தியில் எடுக்கப்பட்ட சமூகப் படங்கள் சாதி, பொருந்தாத் திருமணம், கந்துவட்டி, ஆலைத் தொழில், மதப் பகை என்று ஒன்று விடாமல் கையில் எடுத்தன. அவற்றின் துணிச்சலை மெச்சி எழுதியவர்கள் பலர், மெச்சத்தான் வேண்டும். ஆனால் எழுப்பிய கேள்விக்கு அந்தப் படங்கள் என்ன தீர்ப்பு வழங்கின என்று பார்த்தால், பெரும்பாலானவற்றில் கடைசி ரீலில் ஒரு சாவு காத்திருக்கிறது. அந்தச் சாவு யாருடையது என்று கேட்பது பயனுள்ள கேள்வி. படம் எதுவரை போகத் துணிந்தது, எந்த இடத்தில் கால் பின்வாங்கியது என்பதை வசனங்களைவிட அதுவே தெளிவாகக் காட்டும்.

முதலில், இத்தனை படங்கள் சமூகப் பிரச்சினையின் பக்கம் திரும்பியது ஏன் என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் பேசும்படமான அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானபோது, தணிக்கை முறை வேரூன்றிப் பத்தாண்டு ஆகியிருந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் இயங்கின. போலீஸ் கமிஷனரின் கை அவற்றில் ஓங்கியிருந்தது. 1921-இல் வந்த 'பக்த விதுரன்' என்ற மௌனப் படத்தில் விதுரர் காந்தியைப் போலத் தெரிகிறார் என்று சென்னை மாகாணம் அதைத் தடை செய்தது. 1935-இல் இயக்குநர் சாந்தாராம் ஏகநாதரின் கதையை 'மகாத்மா' என்ற பெயரில் எடுத்தார். தீண்டாமையை எதிர்த்த பக்திக் கவிஞரின் கதை. தணிக்கையாளர்கள் பெயரை மறுக்க, படம் 'தர்மாத்மா' ஆகி வெளிவந்தது. ஆட்சியைப் பற்றிப் பேச வழியில்லை. வீட்டையும் ஊரையும் பற்றிப் பேசலாம், அதுவும் ஓர் எல்லை வரை. சீர்திருத்த வேகம் கொண்ட இயக்குநர்கள் அந்தத் திறந்த வாசலில் நுழைந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சினிமாவுக்கு அன்று மரியாதை இல்லை. ஹிமான்சு ராய் 1934-இல் மலாடில் பம்பாய் டாக்கீஸைத் தொடங்கியபோது படித்த, நல்ல குடும்பத்துப் பிள்ளைகளை வேலைக்குச் சேர்ப்பதில் குறியாக இருந்தார். அவருடைய இசையமைப்பாளர் குர்ஷித் மினோச்சர் ஹோம்ஜி ஒரு பார்சிப் பெண். எங்கள் பெண் சினிமாவில் வேலை செய்வதா என்று பார்சி சமூகத்தார் கொதித்தார்கள். ராய் அவருக்கு சரஸ்வதி தேவி என்று பெயர் மாற்றி வேலையைத் தொடரச் செய்தார். 'அச்சூத் கன்யா'வின் இசை அவருடையதுதான். சாதிக் கட்டுப்பாட்டைச் சாடும் படத்துக்கு இசையமைத்தவரே தன் சமூகத்தின் கட்டுப்பாட்டுக்காகப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. சமூகச் சீர்திருத்தம் பேசும் படம் தொழிலுக்கே ஒரு கௌரவத்தைத் தந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கஸ்தூரியின் கதைக்கு வருவோம். அவள் அப்பா துக்கியா ரயில்வே கேட்கீப்பர். பிராமணரான மளிகைக்கடைக்காரர் மோகனைப் பாம்பு கடித்தபோது துக்கியா காப்பாற்றுகிறார். இரு குடும்பமும் நெருங்குகின்றன. மோகனின் மகன் பிரதாப்பும் கஸ்தூரியும் ஒன்றாக வளர்ந்து ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் துக்கியாவை மோகன் தன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ள, ஊர் திரண்டு அடிக்கிறது. பிரதாப்புக்கு வேறு பெண், கஸ்தூரிக்கு அவள் சாதியைச் சேர்ந்த மன்னு என்று முடிவாகிறது. பிறகு திருவிழா, சந்தேகம், கேட் அருகே இரு ஆண்களின் கைகலப்பு, பாய்ந்து வரும் ரயில். கஸ்தூரி குறுக்கே ஓடி மாய்கிறாள்.

தேவிகா ராணியும் அசோக் குமாரும் மரக்கிளையில் உட்கார்ந்து தாங்களே பாடிய டூயட் இன்றும் நினைவில் நிற்கிறது. அசோக் குமாரின் வெட்கமும் தடுமாற்றமும் நடிப்பா இயல்பா என்று பிரித்தறிய முடியாது. அதே ஸ்டுடியோவின் லேபில் வேலை பார்த்தவரை இழுத்துவந்து கதாநாயகனாக நிறுத்தியிருந்தார்கள். தேவிகா ராணியோ தாகூர் குடும்பத்து உறவினர், லண்டனில் படித்தவர். செதுக்கிய புருவமும் பளிச்சென்ற முகமும் கொண்ட கஸ்தூரியைப் பார்க்கும்போது, தீண்டத்தகாதவள் என்று ஊர் எவளைச் சொல்கிறது என்ற குழப்பம் இன்றைய பார்வையாளருக்கு வரும். அன்றைய மேல்சாதிப் பார்வையாளரின் இரக்கத்தைப் பெறுவதற்குக் கஸ்தூரி அவர்கள் வீட்டுப் பெண்ணைப் போலவே தெரிய வேண்டியிருந்தது.

கதை எழுதியவர் நிரஞ்சன் பால். காங்கிரஸ் தலைவர் பிபின் சந்திர பாலின் மகன். இயக்கியவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டன். படம் வந்த காலத்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1932-இல் பூனா ஒப்பந்தம். 1933-34-இல் காந்தியின் ஹரிஜன யாத்திரை. 1935-இல் இயோலாவில், நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். 1936 மே மாதம் 'சாதியை அழித்தொழித்தல்' நூலாக வெளிவந்தது. லாகூரில் ஆற்றியிருக்க வேண்டிய அந்த உரையில் அம்பேத்கர், சேர்ந்து உண்பதால் சாதி ஒழியாது, கலப்புத் திருமணம்தான் உண்மையான மருந்து, அதற்கும் சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்க்க வேண்டும் என்று வாதிட்டார். அதே ஆண்டில் வந்த படம், சேர்ந்து இருப்பதை மனதார ஆதரிக்கிறது. துக்கியாவுக்கு மோகன் வீட்டில் படுக்கை கிடைக்கிறது. திருமணம் என்ற இடத்தில் மட்டும் மோகனின் நல்ல மனமும் நின்றுவிடுகிறது, படமும் நின்றுவிடுகிறது.

சட்டம் குறுக்கே நின்றது என்றும் சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 1923-இல் வந்த திருத்தம், இந்துக்கள் தங்கள் மதத்தைத் துறக்காமலே சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்ய வழி விட்டிருந்தது. பிரதாப்பும் கஸ்தூரியும் கிராமத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அது தெரியாமல் போகலாம். மலாடில் உட்கார்ந்து கதை எழுதியவர்களுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. அவர்கள் பாத்திரங்களில் ஒருவர்கூட அந்த வழியைக் காட்டுவதில்லை. கஸ்தூரி வாழ்ந்தால் ஊர் ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இறந்துவிட்டால் நினைவிடம் கட்டி வணங்கிவிடலாம். படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் மனிதாபிமானம் இல்லாதவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்காமல் அழ முடிந்தது.

ஒப்பிட ஒரு படம் இருக்கிறது. நியூ தியேட்டர்ஸ் 1934-இல் இந்தியில் எடுத்த 'சண்டிதாஸ்'. கவிஞரும் கோயில் பூசாரியுமான சண்டிதாஸ் சலவைத் தொழில் செய்யும் ராமியைக் காதலிக்கிறார். பிராயச்சித்தம் செய், அவளை மற என்கிறது ஊர். கடைசியில் அவர் கோயிலைத் துறந்து ராமியோடு ஊரைவிட்டு வெளியேறுகிறார். இருவரும் சாகவில்லை. அது சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை. காதலும் பக்தியும் கலந்த வைணவ மரபு அவர்களுக்குக் கவசமாக நின்றது. பழங்காலத்தில் சாதி மீறிய காதலர்கள் வாழலாம், மோட்டார் காரும் ரயிலும் ஓடும் இன்றைய காலத்தில் முடியாது என்பதுதான் இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் விசித்திரமான செய்தி.

இந்தக் காலகட்டத்தின் மிக முக்கியமான படம் என்று நான் கருதுவது வேறொன்று. பிரபாத் கம்பெனி 1937-இல் மராத்தியில் 'குங்கூ' என்றும் இந்தியில் 'துனியா ந மானே' என்றும் எடுத்தது. நாராயண் ஹரி ஆப்டேயின் மராத்தி நாவலைத் தழுவி சாந்தாராம் இயக்கினார். அநாதைப் பெண் நிர்மலாவை மாமன் பணம் வாங்கிக்கொண்டு, வளர்ந்த பிள்ளைகள் உள்ள கிழவர் ஒருவருக்கு, காகாசாகிப் என்ற வக்கீலுக்கு, ஏமாற்றிக் கட்டிவைக்கிறான். தாலி கட்டியாயிற்று, இனி விதி என்று அவள் அழுது அடங்கவில்லை. இந்தத் திருமணத்தை நான் ஏற்கவில்லை என்கிறாள். கணவனைத் தொட விடுவதில்லை. கடைசிவரை அதில் தளர்வதும் இல்லை.

இந்தியத் திரையில் அதற்கு முன் இப்படி ஒரு மறுப்பு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சாந்தாராம் அதை மேடைப் பேச்சாக ஆக்கவில்லை. படத்தில் பின்னணி இசையே கிடையாது, வீட்டின் சத்தங்கள்தான். கடிகாரம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஊசல் ஆடும் பழைய சுவர்க்கடிகாரம் அது. காகாசாகிபின் வயதும் அதுதான், பிடிவாதமும் அதுதான். நரையை மறைத்து இளமையாகத் தெரிய அவர் படும் பாட்டைக் கேமரா இரக்கமில்லாமல் பார்க்கிறது. கண்ணாடி உடைந்து, ஒவ்வொரு சில்லிலும் அவர் முகம் தனித்தனியாகத் தெரியும் காட்சியில் கேலி இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. கேசவராவ் தாதே அந்தக் கிழவரை அரக்கனாக நடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் தவறு உறைக்கும் மனிதராக நடித்தார். அதனால்தான் படம் எளிதில் பழையதாகவில்லை.

தன்னிடம் தகாத முறையில் நடக்க வரும் காகாசாகிபின் மகனை நிர்மலா பிரம்பால் அடித்து விரட்டுகிறாள். காகாசாகிபின் மகள், சமூகத் தொண்டில் ஈடுபட்டவள், வயதில் இளைய சிற்றன்னையின் பக்கம் நின்று அப்பாவைக் கண்டிக்கிறாள். அந்த வேடத்தில் நடித்த சகுந்தலா பராஞ்ச்பே கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர். திரையில் அவர் பேசிய சொற்களுக்கு அவருடைய சொந்த வாழ்க்கையே சாட்சி.

இந்த வழக்கும் சாவில்தான் முடிகிறது. ஆனால் சாகிறவர் காகாசாகிப். மனம் திருந்தி, நிர்மலாவை மகளாக ஏற்று, அவள் நெற்றிக் குங்குமத்தை அழித்து, உனக்குத் தகுந்த வாழ்வை அமைத்துக்கொள் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். இங்கே படத்தைக் குறை சொல்வதற்கு முன் அன்றைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். மேல்சாதி இந்துப் பெண் விவாகரத்து கேட்க பிரிட்டிஷ் இந்தியாவில் வழியே இல்லை. பரோடா சமஸ்தானம் 1931-இல் சட்டம் கொண்டுவந்திருந்தது. பம்பாய் மாகாணத்தில் 1947-இலும், சென்னை மாகாணத்தில் 1949-இலும், நாடு முழுவதும் இந்துக்களுக்கு 1955-இலும்தான் அது வந்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த 1929-இன் சாரதா சட்டம் குறைந்தபட்ச வயதை மட்டுமே பார்த்தது, பெண்ணுக்கு அது பதினான்கு. மாப்பிள்ளைக்கு அறுபதா என்று கேட்கவில்லை. ஆக நிர்மலா வெளியே வர ஒரே வாசல் விதவையாவது. 1856 முதலே விதவை மறுமணத்துக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. கதையில் அவள் விடுதலைக்கு வேறு கதவு இல்லாததால்தான் கிழவர் சாக வேண்டியிருந்தது. 'அச்சூத் கன்யா'விலோ கதவு இருந்தும் ஒருவரும் அதைத் தட்டவில்லை. இரண்டு சாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இருந்தாலும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. நிர்மலாவின் மறுப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது பலிப்பது ஓர் ஆணின் மனமாற்றத்தால். காகாசாகிப் திருந்தாமல் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் அவள் கதி என்ன? படம் அதைக் கேட்கவில்லை. அவள் மறுமணம் செய்துகொண்டாளா என்பதையும் காட்டவில்லை.

நிர்மலாவாக நடித்த சாந்தா ஆப்தே திரைக்கு வெளியிலும் அடங்கிப் போகாதவர். 1939-இல் ஒப்பந்தத் தகராறில் பிரபாத் ஸ்டுடியோவின் வாசலிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றி மராத்தியில் ஒரு நூலும் எழுதினார். பொருந்தாத கணவனை ஏற்க மறுத்த அதே நடிகை 1941-இல் தமிழுக்கு வந்து, எமனிடமிருந்து கணவனை மீட்கும் 'சாவித்திரி'யாக நடித்தார், எம்.எஸ். சுப்புலட்சுமி அதில் நாரதர். நிர்மலா எழுப்பிய கேள்விக்குப் புராணம் கொடுத்த மறுமொழி போல அந்தப் படத்தைப் பார்க்கத் தோன்றுகிறது.

உழைப்பவர் பக்கம் திரும்பிய படங்களுக்கு இவ்வளவு இடம்கூடக் கிடைக்கவில்லை. எழுத்தாளர் பிரேம்சந்த் 1934-இல் அஜந்தா சினிடோன் கம்பெனிக்குக் கதை எழுத பம்பாய் வந்தார். அந்த ஏப்ரலில்தான் நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. அவர் எழுதி மோகன் பவ்னானி இயக்கிய 'மஸ்தூர்', ஆலை முதலாளியின் குடும்பத்தையும் தொழிலாளர் போராட்டத்தையும் பற்றியது. பிரேம்சந்தே ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். பம்பாயில் அதற்குத் தடை விதித்தார்கள். மனம் கசந்து மறு ஆண்டே அவர் பனாரஸ் திரும்பினார். 1936 அக்டோபரில் மறைந்தார். அவருடைய 'சேவாசதன்' நாவலும் 1934-இல் இந்தியில் படமானது. அதே கதையை கே. சுப்பிரமணியம் 1938-இல் தமிழில் 'சேவாசதனம்' என்று எடுத்தார், எம்.எஸ். திரைக்கு வந்தது அதில்தான். நாவலின் சுமன், கணவனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, தாசித் தெருவில் சிக்கி, கடைசியில் தாசிகளின் பெண் குழந்தைகளுக்கான இல்லத்தில் ஆசிரியையாக வாழ்கிறாள். 1918-இலேயே பிரேம்சந்த் தன் கதாநாயகியை உயிரோடு விட்டுவைத்திருந்தார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

மெஹபூப் கானின் 'ஔரத்' 1940-இல் வந்தது. கடனுக்குப் பயந்து கணவன் ஓடிப்போன பின் பிள்ளைகளோடு தனியாக உழும் ராதா, அவளை நெருக்கும் வட்டிக்காரன் சுகிலாலா. இதையே மெஹபூப் 1957-இல் 'மதர் இந்தியா'வாகப் பெரிய அளவில் எடுத்தார். இரண்டிலும் சுகிலாலா வேடம் கன்னையாலாலுக்கே. பழைய படத்தின் கறுப்பு வெள்ளை வறுமை புதியதில் இல்லை என்பது என் எண்ணம். வட்டிக்காரனின் கணக்கை எதிர்த்துக் கொள்ளைக்காரனான மகன் பிர்ஜுவைக் கடைசியில் தாயே கொல்கிறாள். கடன் முறை அப்படியே இருக்கிறது, எதிர்த்தவன்தான் போகிறான். ஊர் மானத்தைக் காத்தவள் என்ற பட்டம் தாய்க்கு. அவளுடைய அறத்தின் உயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறத்தால் நிம்மதியாகத் தூங்கப்போவது யார் என்று படம் கேட்டிருக்கலாம்.

சாந்தாராமின் 'படோசி' 1941-இல் வந்தது. பாகிஸ்தான் தீர்மானம் நிறைவேறி ஓராண்டு. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், அடுத்தடுத்த வீட்டில் உயிர் நண்பர்கள். அணை கட்ட நிலம் தேடி வருகிறவன் அவர்களைப் பிரிக்கிறான். இந்திப் படத்தில் முஸ்லிமாக கஜானன் ஜாகீர்தாரையும் இந்துவாக மஸ்ஹர் கானையும் சாந்தாராம் நடிக்க வைத்தார். ஆயிரம் வசனம் சொல்லாததை இந்தத் தேர்வு சொன்னது. அணை உடையும்போது இருவரும் சேர்ந்தே வெள்ளத்தில் போகிறார்கள். ஆறு ஆண்டில் நாடு பிரிந்ததை அறிந்த நமக்கு, அந்தச் சாவைத் தப்பித்தல் என்று எளிதில் ஒதுக்க முடிவதில்லை.

1943-இல் வந்த 'கிஸ்மத்' இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. மணமாகாத பெண் கர்ப்பமாகிறாள், அவள் சாகவில்லை. காணாமல்போன மகன் கிடைத்துவிடுவதால் எல்லாப் பிணக்கும் தீர்ந்துவிடுகிறது. கல்கத்தாவின் ராக்ஸி தியேட்டரில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. தொலைந்து கிடைக்கும் பிள்ளை என்ற உத்தியைப் பிந்தைய இந்தி சினிமா எத்தனை முறை பிழிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1946-இன் இரண்டு படங்கள் சாவை வேறு விதமாகக் கையாண்டன. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' முதல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படங்களில் ஒன்று. மேட்டு நகரத்துப் பணக்காரன் சாக்கடையைப் பள்ளத்து நகரத்தின் வழியாகத் திருப்பிவிட, அங்கே நோய் பரவுகிறது. அவனே ஓர் ஆஸ்பத்திரி கட்டித் தருகிறான். நோயில் கிடக்கும் ரூபா அங்கே போக மறுத்து உயிரை விடுகிறாள். கஸ்தூரியின் மேல் சாவு வந்து மோதியது. ரூபா தன் சாவைத் தானே தேர்ந்தெடுத்து எதிர்ப்பாக்கினாள். கே.ஏ. அப்பாஸின் 'தர்த்தி கே லால்' 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றியது. இலட்சக்கணக்கானோர் மாண்ட பேரழிவைத் தனி ஒருவரின் துயரமாகச் சுருக்காமல், அரிசியைப் பதுக்கியவர்களையும் சேர்த்துக் காட்டியது. உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பிக் கூட்டாக உழுகிறார்கள். பசிக்கு உடலை விற்க நேர்ந்த மருமகள் மட்டும் கணவனோடு விலகிப் போய்விடுகிறாள். இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த படத்திலும் அவளுக்கு அந்த வயலில் இடம் கிடைக்கவில்லை.

சாவை வேண்டாம் என்று முதலில் தெளிவாகச் சொன்னவர், சாவைப் படம்பிடித்தே தொடங்கியவர். இயக்குநர் பருவாவின் இந்தி 'தேவ்தாஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பிமல் ராய். காதலி பார்வதியின் வாசலில் தேவ்தாஸ் சாய்ந்து கிடந்ததை அவர் கேமரா பார்த்திருக்கிறது. 1959-இல் அவர் எடுத்த 'சுஜாதா'வில், பிராமணக் குடும்பத்தில் வளரும் தலித் பெண் மழையில் நதிக்கரைக்குச் சாகப் போகிறாள். அங்கே காந்தியின் சிலையும் தற்கொலைக்கு எதிரான அவர் சொற்களும் அவளை நிறுத்துகின்றன. வளர்ப்புத் தாய் அடிபட்டுக் கிடக்கும்போது சுஜாதாவின் ரத்தம்தான் பொருந்துகிறது. அதன் பிறகே அவள் மகள் ஆகிறாள், காதலனுக்கு மனைவியும் ஆகிறாள். தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-இல் வந்துவிட்டது. நூதன் நடித்த அந்தப் பெண் சாகாமல் வாழ்ந்தது இந்தி சினிமாவுக்குப் பெரிய மாற்றம். அந்த வீட்டின் சொந்த மகள் ரமாவிடம் இப்படி ஒரு சோதனையை யாரும் வைக்கவில்லை. சுஜாதா மட்டும் உடம்பிலிருந்து ரத்தம் கொடுத்துத் தன் இடத்தை வாங்க வேண்டியிருந்தது.